சொந்த மனையும் துப்பாக்கியும்

ஒருவன் தனக்குச் சொந்தமான நிலத்தில், தன் வேலிக்குள் நின்றுகொண்டு துப்பாக்கி சுடலாமா? சட்டம் அதற்கு இடந்தருகின்றதா? சட்டம் இடந்தரினும் தம்மம் இடந்தருமா? இக்கேள்விகள் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருக்கு வேண்டாதவை என்று சிலர் எண்ணக்கூடும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவரும் அறுவருமாய் வாழ்கின்றவர்களுக்கு நிலம் ஏது, வேலி ஏது, துப்பாக்கி ஏது என்று அவர்கள் கேட்பர். ஆயினும் சற்றே ஆராய்ந்து பார்ப்போமாயின், இக்கேள்வியில் நம்மைவிட அக்கறை கொள்ள வேண்டியவர் எவருமிலர் என்பது விளங்கும். ஏனெனில், துப்பாக்கியோடு வேலிக்குள் நிற்பவன் யாராயினும், வேலிக்கு வெளியே நிற்பவன் பெரும்பாலும் ஏழையாகவே இருக்கின்றான். அவ்வேழை பன்முறை நம்மவனாகவே இருந்திருக்கின்றான்.

நம் இளைஞரிடையே மற்றொரு வாதமும் எழுவதுண்டு. ஊர்ப்புறங்களில் நம் மக்கள் தாக்கப்படுகின்றனர், குடிசைகள் கொளுத்தப்படுகின்றன, காவலர் காலங்கடந்து வருகின்றனர், ஆகவே நம் வீட்டைக் காக்க நாமே துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன என்பது அவ்வாதம். இதனை வெறும் ஆத்திரப் பேச்சென்று ஒதுக்கிவிடலாகாது. இதற்குச் சட்டத்திலேயே ஓர் ஆதாரம் உண்டென்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் பொதுச் சட்டம் கூறுவதை அறிந்துகொள்வோம்.

சட்டம் கூறுவது

வெள்ளையர் ஆட்சியில், லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது, 1878ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இந்நாட்டவர் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்சு பெறவேண்டுமென்று அது விதித்தது. ஐரோப்பியருக்கோ விதிவிலக்குகள் இருந்தன. விடுதலைக்குப் பின்னர் அதனை நீக்கி, நிற வேறுபாடின்றி அனைவர்க்கும் பொதுவான ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது அதுவே. அதன் மூன்றாம் பிரிவின்படி லைசென்சு இல்லாமல் எவரும் துப்பாக்கி வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது. தன் வீட்டிற்குள் வைத்திருக்கின்றேன், தன் தோட்டத்திற்குள் சுடுகின்றேன் என்பது இவ்விதிக்கு விலக்காகாது. தற்காப்பு, விளையாட்டு, பயிர்க்காப்பு முதலிய காரணங்களுக்காகவே லைசென்சு வழங்கப்படுகின்றது; நினைத்த இடத்தில் நினைத்தபொழுது சுடுவதற்காக அன்று.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை மேலும் இறுக்கிற்று. ஒருவர் வைத்துக்கொள்ளத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. கலியாணம், கோயில் விழா முதலிய கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுடுவதும், எவ்விடத்திலாயினும் அஜாக்கிரதையாகச் சுட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவிப்பதும் தனிக் குற்றமாக்கப்பட்டன; இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாப்பிள்ளை வீட்டு முற்றம் மாப்பிள்ளை வீட்டாருக்கே சொந்தமாயினும், அங்கு வெடிக்கும் துப்பாக்கி சட்டத்திற்குட்பட்டதே. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவும், பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அஜாக்கிரதையாக நடப்பவனைத் தண்டிக்கின்றது. அவ்வாறு நடந்த இடம் யாருடையது என்று அப்பிரிவு கேட்பதில்லை.

சிறு ரகக் காற்றுத் துப்பாக்கிகளுக்கு மட்டும் லைசென்சு வேண்டியதில்லை. அதனைக் கொண்டு தன் தோட்டத்து மரத்திலுள்ள பறவையைச் சுடலாமோ எனில், அங்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. மரம் நம்முடையதாயினும், அதில் வந்தமர்ந்த பறவை நம்முடையதன்று.

இனி, அத்துமீறி நுழைந்தவனைச் சுடுவது பற்றிப் பார்ப்போம். தற்காப்புரிமையை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வகுத்தது. இன்றைய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் அதனையே பெரும்பாலும் வைத்துக்கொண்டிருக்கின்றது. உடைமையைக் காக்கும் பொருட்டு உயிரைப் போக்க நேர்ந்தாலும் குற்றமாகாத நிலைகள் நான்கே. கொள்ளை, பொழுது சாய்ந்தபின் விடியுமுன் வீட்டை உடைத்துப் புகுதல், மக்கள் குடியிருக்கும் வீட்டிற்கோ பொருள் வைக்கும் இடத்திற்கோ தீயிடுதல் அல்லது வெடிவைத்தல், சாவோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க முறையில் நிகழும் திருட்டு, அழிமானம், வீட்டினுள் அத்துமீறல் ஆகியவை. இவையல்லாத வெறும் திருட்டிற்கும் வெறும் அத்துமீறலுக்கும் தடுக்கும் உரிமை உண்டு. கொல்லும் உரிமை இல்லை. இந்நான்கிலுங்கூட இரண்டு வரம்புகள் உள்ளன. அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருக்குமாயின் இவ்வுரிமை எழாது. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஊறு செய்யலாகாது.

ஆகவே சட்டத்தின் விடை தெளிவானது. நிலத்தின் சொந்தம் துப்பாக்கிக்கு உரிமை தருவதில்லை. உயிருக்கு நேரும் ஆபத்தே மிகக் குறுகியதோர் உரிமையைத் தருகின்றது.

குண்டு வேலியை அறியாது

இவ்வாறு சட்டம் வகுத்ததற்குக் காரணம் யாது? துப்பாக்கியின் இயல்பே காரணம். கத்தி பிடித்தவன் கையளவே கத்தி எட்டும், குண்டு அப்படியன்று. மிகச் சிறிய ரகமான பாயிண்ட் 22 குண்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கவல்லது. தாராவியில் சுட்டது மாதுங்காவில் சென்று விழலாம். இடையில் தகரச் சுவரும், ஒட்டுப் பலகையும், அவற்றின் பின்னே உறங்கும் குழந்தைகளுமே உள்ளனர்.

இதற்கொரு கொடிய சான்றினைப் புதுக்கோட்டை மாவட்டம் கண்டது. 2021 டிசம்பர் 30ஆம் நாள், பசுமலைப்பட்டியிலிருந்த துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் காவற்படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். அத்தளம் வேலியும் விதியும் உடையது, சுட்டவர்கள் பயின்றவர்கள், எவரையும் கொல்லும் எண்ணம் அங்கு எவர்க்கும் இருந்ததன்று. ஆயினும் நார்த்தாமலையில் தன் பாட்டனார் வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் நாள் தஞ்சை மருத்துவமனையில் அவன் உயிர் நீத்தான். அரசின் பயிற்சித் தளத்திலேயே இவ்வாறு நேருமாயின், தனி மனிதன் தன் கொல்லைப்புறத்தைச் சுடுகளமாக்கிக்கொண்டால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

வெளியாரைத்தான் என்றில்லை, வைத்திருப்பவரையும் அது விடுவதில்லை. 2024 அக்டோபர் முதல் நாள் காலையில், இந்தி நடிகர் கோவிந்தா தமது ஜுஹு இல்லத்தில் லைசென்சு பெற்ற தம் ரிவால்வரே வெடித்துக் காலில் குண்டடிபட்டு மருத்துவமனை சேர்ந்ததை இம்மாநகர் அறியும். செல்வர் மாளிகையில் ஒருவர் காலோடு போயிற்று. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் படிப்பும் நடக்கும் குடும்பத்தில் அஃது எவர்மீது பாய்ந்திருக்கும்?

பாதாம் மரத்தடியில்

தவறி வெடித்ததை விடுத்து, எண்ணிச் சுட்டதைப் பார்ப்போம். 2011 ஜூலை 3ஆம் நாள், சென்னைத் தீவுத்திடலை அடுத்த இராணுவ அதிகாரிகள் குடியிருப்பில், அருகிலுள்ள குடிசைப் பகுதியைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் தோழருடன் மதிலேறிக் குதித்தான். பாதாங்கொட்டை பொறுக்குவதே அவன் நோக்கம். அங்கு குடியிருந்த ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் தம் குடியிருப்பிலிருந்து அவனைத் துப்பாக்கியால் சுட்டார். சிறுவன் இறந்தான். துப்பாக்கி கூவம் ஆற்றில் எறியப்பட்டது, பின்னர்க் கண்டெடுக்கப்பட்டது. 2012 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சிறுவன் செய்தது அத்துமீறல் என்பதில் ஐயமில்லை. எனினும் நாம் எண்ண வேண்டியது இதுவே: மதில் தாண்டிய குற்றத்திற்கும் மரணத்திற்கும் இடையே என்ன அளவு இருக்கின்றது? பாதாங்கொட்டையை ஒரு தட்டிலும் பதின்மூன்று வயது உயிரை மறு தட்டிலும் வைத்து நிறுப்பவன் எவன்? உடைமை என்னும் எண்ணம் ஒருவன் நெஞ்சில் முற்றிவிடுமாயின், எதிரே நிற்பவன் சிறுவனாகத் தோன்றுவதில்லை. எல்லை மீறிய ஒரு பொருளாகவே தோன்றுகின்றான்.

அமெரிக்க நாட்டில் பல மாகாணங்களில், வீட்டிற்குள் புகுபவனைச் சுடும் உரிமை விரிவாக வழங்கப்பட்டுள்ளது. அதன் பயன் யாது? 1992 அக்டோபரில் லூசியானா மாகாணத்தில், ஜப்பானிலிருந்து கல்வி கற்க வந்திருந்த பதினாறு வயது மாணவன் ஒருவன், விருந்துக்குச் செல்லும் வழியில் வீடு மாறி வேறொருவர் வாயிலை அடைந்தான். அவ்வீட்டுக்காரர் அவனைக் கள்வனென்றெண்ணிச் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு, கொலைக்குற்ற விசாரணையில் அவர் விடுவிக்கப்பட்டார். இன்னான் என்று அறியாமையே அங்கு கொலையாளியாயிற்று. சட்டம் அவ்வறியாமைக்கு மன்னிப்பளித்தது.

காஞ்சனன் வாள்

இவ்வறியாமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். தமிழ்ப் பௌத்தரின் பெருங்காப்பியமாகிய மணிமேகலையில் இதே வழக்கு வைத்துப் பேசப்பட்டுள்ளது. காயசண்டிகையின் உருவம் கொண்டிருந்த மணிமேகலையை நாடி, நள்ளிரவில் உதயகுமரன் உலகவறவி என்னும் அம்பலத்திற்குள் நுழைகின்றான். அங்கு ஒளிந்திருந்த விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவியை நாடியே அரசகுமரன் வந்தானென்று மயங்கி, வாளால் அவனை வீழ்த்துகின்றான். இரவு நேரம், தகாத நோக்கத்தோடு நுழைந்தவன், தன் மனைவியைக் காக்கின்றோம் என்ற நம்பிக்கை. இன்றைய வழக்கறிஞர் ஒருவர் காஞ்சனனுக்காக வாதாடினால் சொல்லத்தக்க அனைத்தும் அங்கு உள்ளன.

காப்பியம் இதற்கு இரண்டு தீர்ப்புகளைத் தருகின்றது. ஒன்று கந்திற்பாவையினுடையது. உதயகுமரன் மாண்டது அவன் பழவினையால் என்று அது கூறுகின்றது. ஆயினும் அக்காரணத்தால் காஞ்சனன் தப்பிவிடவில்லை. அறியாது செய்தாலும் அவ்வினை அவனைத் தொடரும் என்று அறிவிக்கின்றது. செத்தவன் குற்றவாளி என்பதனால் கொன்றவன் நிரபராதியாகிவிடுவதில்லை என்பது இதன் கருத்து. மற்றொன்று மகனை இழந்த மன்னனுடையது. தன் மகன் தண்டனைக்குரியவனே என்று அவன் ஒப்புகின்றான். ஆனால் அரசன் செய்யவேண்டிய தண்டத்தைத் தானே எடுத்துச் செய்தமையால் அவ்விஞ்சையன் தகுதியற்றவன் என்கின்றான். தண்டிக்கும் அதிகாரம் பொது முறைக்கு உரியது, தனி மனிதனின் வாளுக்கு உரியதன்று என்னும் நீதியை இதனினும் சுருக்கமாகக் கூறவியலாது. நியாய சன்ஹிதா வகுக்கும் வரம்பும் இதுவே.

தம்மத்தின் அளவுகோல்

பஞ்சசீலத்தில் முதலாவது, உயிர்க்கொலையினின்று விலகுதல். கொலை நிறைவுபெற ஐந்து உறுப்புகள் வேண்டுமென்று நம் உரையாசிரியர் கூறுவர். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம் கொள்ளுதல், அதற்கு முயலுதல், அம்முயற்சியால் அவ்வுயிர் போதல் என்பனவே அவை. இவற்றுள் நடுவில் நிற்பது எண்ணம். சேதனையே கருமமென்பது பகவான் காட்டிய வழி. ஆகவே தம்மம் கேட்கும் கேள்வி, எவன் நிலத்தில் நின்று சுட்டாய் என்பதன்று. எவ்வெண்ணத்தோடு சுட்டாய் என்பதே.

அவ்வாறாயின் தற்காப்பே தகாதா? பாபாசாகேப் அம்பேத்கர் 1957ல் வெளிவந்த தமது 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலில் இதனை நன்கு ஆராய்ந்துள்ளார். அகிம்சையைப் புத்தர் வளையாத விதியாக வைக்கவில்லை, கோட்பாடாகவே வைத்தார் என்பதும், கொல்ல வேண்டிய தேவைக்கும் கொல்லும் விருப்பத்திற்கும் வேறுபாடு கண்டார் என்பதும் அவருடைய விளக்கம். விதி கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லும். கோட்பாடு கண்ணைத் திறந்து சிந்திக்கச் சொல்லும். எரியும் குடிசைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு, தீயிடுவோனைத் தடுக்கும் தாயின் செயலில் தேவை இருக்கின்றது. பாதாம் மரத்தடியில் நின்ற சிறுவனை நோக்கிக் குறிபார்த்த கண்ணில் இருந்தது தேவையன்று.

இந்த வேறுபாட்டைக் கையாளுவதில் ஒரு பேராபத்தும் உண்டு. விருப்பத்திற்குத் தேவையின் உடையை அணிவிப்பதில் மனித மனம் மிகக் கெட்டிக்காரன். 'வேறு வழியில்லை' என்று சொல்லாமல் சுட்டவன் உலகில் அரிது. தண்டத்தைக் கையிலெடுத்தவனிடத்திலிருந்தே அச்சம் பிறக்கின்றதென்று அத்ததண்ட சுத்தத்தில் பகவான் உணர்த்துகின்றார். துப்பாக்கி வைத்திருப்பவனுக்குக் கதவைத் தட்டும் ஒவ்வோர் ஓசையும் பகைவன் ஓசையாகின்றது. காஞ்சனனும் லூசியானா வீட்டுக்காரரும் அவ்வச்சத்திற்கு ஆட்பட்டவர்களே. ஆயுத வாணிகத்தை உபாசகர் விலக்க வேண்டிய ஐந்து வாணிகங்களுள் ஒன்றாக அவர் வைத்ததும் இதனாலேயே என்று கொள்ளலாம்.

நம் இளைஞர் கேள்விக்கு விடை

இனி, முதலில் கூறிய வாதத்திற்கு வருவோம். 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாம் விதி நாமறிய வேண்டியது. கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் அரசு செய்ய வேண்டிய முன்னேற்பாடுகளை அது வரிசைப்படுத்துகின்றது. பட்டியலினத்தவரல்லாதாரின் ஆயுத லைசென்சுகளை ரத்துச் செய்து, அவ்வாயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்த்தல். கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்றுதல். இவற்றின் பின்னர், தேவையெனக் கருதினால் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் ஆயுத லைசென்சு வழங்குதல். 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பௌத்தம் தழுவிய நம்மவரும் பட்டியலினத்தவரே ஆதலின் இவ்விதி நமக்கும் பொருந்தும். சட்டமே தரும் ஒன்றைக் கேட்பது குற்றமன்று.

நம் மக்கள் கண்ட கொடுமைகளும் சிறியனவல்ல. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் அஞ்சியொடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதே அவர்தம் மக்கள் செய்த பிழை. தாக்க வந்த நிலக்கிழார் கூட்டம் துப்பாக்கியோடு வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களைப் பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இங்கே, செம்பூருக்கு அண்மையில், காட்கோபர் ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11ஆம் நாள், பாபாசாகேப் சிலை இழிவுபடுத்தப்பட்டதைக் கண்டு கொதித்தெழுந்த மக்கள்மீது காவற்படை சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். அத்துப்பாக்கிச் சூட்டிற்குப் பொறுப்பான காவல் அதிகாரியைக் குற்றவாளியெனச் செஷன்சு நீதிமன்றம் தீர்ப்பளிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. இவற்றையெல்லாம் மறந்துவிட்டு இளைஞர்க்குச் சாந்தி உபதேசம் செய்வது அறமாகாது.

ஆயினும் இந்நிகழ்ச்சிகள் கற்பிப்பது யாது என்பதை ஆராய வேண்டும். வெண்மணிக் குடிசையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பரோ எனச் சிலர் கேட்பர். அவ்விரவில் தீயை எதிர்க்க அவர்களுக்குச் சட்டத்தின்படி முழு உரிமை இருந்தது, இன்றும் உண்டு, தம்மமும் அதனைப் பழிக்காது. ஆனால் உரிமையை மட்டுமன்றி, வலிமையின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஊரில் துப்பாக்கிகள் பெருகுமாயின் அவை நிலத்தின் அளவுக்கேற்பவே பெருகும். நம்மிடம் ஒன்று வந்தால் எதிர்ப்புறத்தில் பத்து வரும். நம்மவன் ஒரு முறை தவறிச் சுட்டாலும் சட்டத்தின் முழுப் பாரமும் அவன் தலையில் இறங்கும். அதுவரை நம் பக்கம் நின்ற நியாயமும் அவ்வொரு குண்டோடு போய்விடும்.

ஆதலின் நாம் கேட்க வேண்டியது அவ்விதியின் கடைசிப் பகுதியையன்று, முற்பகுதியை. நமக்குத் துப்பாக்கி தா என்பதற்கு முன்னே, நம்மை அச்சுறுத்துகின்றவன் துப்பாக்கியை வாங்கிவை என்று கேட்போம். அது சட்டம், அரசின் கடமை, அதனைச் செய்யாத அதிகாரியைக் கேள்வி கேட்க எழுத்தும் மனுவும் வழக்கும் சங்கமும் உள்ளன. அவ்வளவும் செய்தும் காப்பில்லாத இடத்தில் ஒருவன் சட்டப்படி லைசென்சு பெற்றுத் தன் பிள்ளைகளின் உயிரைக் காத்துக்கொள்வானாயின், அவனை நாம் குறைகூறோம். வேலியின் பெருமைக்காகத் துப்பாக்கி வைப்பவனையும் அவனையும் ஒன்றாக எண்ணவும் மாட்டோம்.

நம் ஆசான் வீட்டிலேயே இதற்கொரு முன்மாதிரி உண்டு. மாதுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில், நூல்களுக்காகவே அவர் எழுப்பிய ராஜகிருகத்தில், 2020 ஜூலை 7ஆம் நாள் எவனோ நுழைந்து பூந்தொட்டிகளையும் பிறவற்றையும் உடைத்தான். நாடெங்கும் நம்மவர் கொதித்தனர். அவ்வில்லத்தாரோ அனைவரும் அமைதி காக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டனர். காவற்றுறை தன் வேலையைச் செய்யட்டுமென்று விட்டனர். நம் மக்களுக்கு அதனினும் அருமையான மனை வேறில்லை. அம்மனைக்காகவும் ஓர் உயிர் போகவில்லை.

ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் படைதிரட்டி நின்றபோது, நீரின் விலை பெரிதோ, மக்கள் குருதியின் விலை பெரிதோ என்று பகவான் வினவினார். அவ்வினாவுக்கு அவர்கள் ஒரே விடையைத்தான் கூற முடிந்தது. வேலியும் மதிலும் மரமும் மனையும் அந்நீரைப் போன்றனவே. அவை வாழ்வுக்கு வேண்டியவை, ஆனால் வாழ்வுக்கு மேற்பட்டவையல்ல. சொந்தமாய் ஒரு சாண் நிலமும் இல்லாத காலத்தில் இவ்வுண்மையை ஒப்புவது எளிது. நாளை நம்மவரும் மனை வாங்குவர், மதில் எழுப்புவர், வாயிலில் காவலாளை வைப்பர். அன்று, நம் மதிலேறிப் பாதாங்கொட்டை பொறுக்க ஒரு சிறுவன் வருவான். அவனை அதட்டி இறக்கி, கை நிறையக் கொட்டைகளைக் கொடுத்து அனுப்புவோமா என்பதில்தான் நாம் ஏற்ற சீலம் சோதிக்கப்படும்.

சகல உயிர்களும் அச்சமின்றி வாழ்வனவாக!